கேட்கிற வயது

விடியல். வெங்காய மண்டிப் பக்கம் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. நனைந்த சாக்கின் வாசனை தெருமுனை வரை வருகிறது.

திண்டுக்கல் மலைக்கோட்டையின் கிழக்கு விளிம்பு மட்டும் வெளுத்திருக்கிறது. மற்றதெல்லாம் இன்னும் பாறை, இன்னும் இரவு.

பேருந்துக்கு நிற்கும் சிறுவன் அண்ணாந்து பார்க்கிறான்.

"இந்த மலை யாரோடதும்மா?"

"கவர்மெண்டோடது."

"அதுக்கு முன்னாடி?"

"வெள்ளக்காரனோடது."

"அதுக்கு முன்னாடி?"

அம்மா பேருந்து வரும் திசையைப் பார்க்கிறாள்.

எனக்குள் பதில்கள் பின்னோக்கி நடக்கின்றன. கும்பினி, 1790. அதற்கு முன் மைசூர். ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து இறங்கிய 1755. அதற்கு முன் மதுரை நாயக்கர். கோட்டை எழுப்பிய முத்துக் கிருஷ்ணப்பர், 1605.

அங்கே நின்றுவிடுகின்றன.

"ஆடு மேச்சவங்களோடதா?"

பேருந்து வருகிறது. பை, தண்ணீர் பாட்டில், கைப்பிடிக் கம்பி. ஏறிப் போய்விடுகிறார்கள்.

*

ஆடு மேய்த்தவர்களுக்கு ஆண்டு இல்லை.

*

மாலைத் திண்ணை. தெருப் பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். பென்சில் சீவும் சத்தம். மரத்தூள் வாசனை.

யாரும் எதுவும் கேட்காத சில நிமிடங்கள்.

அந்த நிமிடங்களில்தான் கேள்வி முளைக்கிறது. சத்தத்தில் முளைப்பதில்லை.

*

"பேசுனவங்க பேரைப் போர்டுல எழுதறது கிளாஸ் லீடர்."

"ஆமா."

"அவன் பேசுனா யாரு எழுதுவா?"

மூன்றாம் வகுப்பு. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. கேட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறாள். பதிலுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை.

சட்டப் புத்தகங்கள் இந்த ஒரு வரிக்காகத்தான் தடித்தடியாக இருக்கின்றன என்று தோன்றுகிறது. தோன்றி, போகிறது.

*

ஞாயிறு. கோட்டைப் படிகள். பாறையில் வெட்டியவை. ராணி மங்கம்மாள் வெட்டுவித்தது என்று சொல்கிறார்கள். வெறுங்காலில் சூடு ஏறுகிறது. முன்னே போகும் பிள்ளைகள் படிகளை எண்ணி, தப்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள்.

மேலே காற்று. வேறெதுவும் இல்லை, கொஞ்ச நேரத்துக்கு.

காலிக் கோயில். உள்ளே சாமி இல்லை. கீழே ஊருக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

"சாமிய யாரு கேட்டாங்க, போறியான்னு?"

*

பீரங்கி. துருவின் நிறம். குழாய்க்குள் தலையை நுழைத்து ஒருவன் தன் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கிறான். பெயர் திரும்பி வருகிறது.

"இதுல சுட்டா எங்க போய் விழும்?"

தங்கை கேட்கிறாள்: "அங்க யாரு இருந்தா?"

கீழே சமவெளி. தென்னை, முருங்கை, தகரக் கூரைகள், தொலைவில் சிறுமலையின் நீலம். தறி ஓடும் ஊர்கள். பேகம்பூரில் பள்ளிவாசல். அங்கே, அந்தக் காலத்திலும், யாரோ இருந்திருக்கிறார்கள்.

*

ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சுக்காரர்களை வைத்து இந்த ஊரில் ஆயுதச் சாலை நடத்தினார். பிறகு மைசூரே அவர் கையில்.

"படிக்காதவரு எப்படி ராஜா ஆனாரு?"

ஒரு மூச்சு.

"அப்ப எனக்கு எதுக்கு ஹோம்ஒர்க்?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். முதல் கேள்வி சிரிப்புக்கு அடியில் போய்விடுகிறது. அதுதான் பெரியது. அது அங்கேயே கிடக்கட்டும்.

*

தை மாதம். பழனிச் சாலையில் பச்சை வேட்டிகள், காவடிகள், கொப்புளம் கண்ட பாதங்கள். ஒட்டன்சத்திரம் தாண்டினால் விருப்பாச்சி.

எட்டாம் வகுப்புப் பாடத்தில் அந்த ஊர் வருகிறது. 1772-இல் காளையார்கோயிலில் கணவரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார் இந்தப் பக்கம் வந்து தங்குகிறார். பாளையக்காரர் கோபால் நாயக்கர் அடைக்கலம். ஹைதரின் ஆதரவு. எட்டு ஆண்டுகள். 1780-இல் சிவகங்கை திரும்புகிறார்.

அண்ணன் சத்தமாகப் படிக்கிறான். பரீட்சை. ராணிக்கு வெள்ளச்சி என்று ஒரு மகள்.

பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டிருக்கும் சிறுமி ஆட்டுவதை நிறுத்துகிறாள்.

"அந்தப் பாப்பா யாரோட விளையாடுச்சு?"

அண்ணன் அடுத்த வரியைப் படிக்கிறான்.

*

எட்டு ஆண்டுகள். ஒரு குழந்தைக்கு அதுதான் குழந்தைப் பருவம் முழுக்க.

புத்தகத்தில் குதிரை இருக்கிறது, வாள் இருக்கிறது, கடிதம் இருக்கிறது. கல் ஆடுவதற்குக் கூழாங்கல் பொறுக்கிய கை இல்லை.

விருப்பாச்சியின் வெயில் எப்படியும் அந்தக் கையின் மேல் விழுந்திருக்கும்.

*

கோபால் நாயக்கரை 1801-இல் கும்பினியார் தூக்கிலிட்டார்கள். திண்டுக்கல் குளக்கரையில் ஒரு புளியமரம் என்று ஊரில் சொல்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துகிறேன். ஏனென்று தெரியவில்லை. வரலாறு சொல்லும்போது குரல் தானாகத் தாழ்கிறது.

"அந்த மரத்துப் புளியக் குழம்புக்குப் போட்டாங்களா?"

யாரோ கிளுக்கென்று சிரிக்கிறார்கள். கேட்டவன் சிரிக்கவில்லை.

போட்டிருப்பார்கள். மரம் காய்த்திருக்கும். உலுக்கியிருப்பார்கள். அந்த வருஷமும் குழம்பு கொதித்திருக்கும்.

*

மின்சாரம் போகிறது. இருட்டு மெல்ல அதனதன் இடத்தில் உட்காருகிறது. யாரும் எழவில்லை. மல்லிகை கட்டும் வீட்டிலிருந்து நாரின் ஈர வாசனை.

மின்சாரம் வருகிறது. "ஹே" என்று தெரு முழுக்க ஒரே குரல்.

*

சுவரில் சின்னம் எழுதுகிறார்கள். சுண்ணாம்பு காயவில்லை, அதற்குள் பச்சை ஏறுகிறது.

"ரெட்டை எலை எந்த மரத்து எலை?"

அப்பத்தா வெற்றிலையை மடித்தபடி: "அது எம்ஜிஆர் எலைடா."

அது மரம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் காத்திருக்கிறான்.

1972 அக்டோபரில் எம்ஜிஆரின் கட்சி தொடங்கியது. 1973-இல் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். கட்சிக்குச் சின்னம் இல்லை. சுயேச்சைகளுக்கான பட்டியலில் இருந்து வேட்பாளர் மாயத்தேவர் எடுத்தது இந்த இலை. ஜெயித்தார். இலை இந்த ஊரில்தான் துளிர்த்தது.

எந்த மரம் என்பது அந்தப் பட்டியலில் இருந்திருக்காது.

எதிர்ச் சுவரில் இரண்டு மலை, நடுவில் சூரியன்.

"ஏறுதா, எறங்குதா?"

*

பெட்டிக்குள் ஒரு பழைய பேருந்துச் சீட்டு. மெல்லிய தாள், விரல் பட்டால் கிழியும். ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம்.

மதுரையைச் சின்னக் குழந்தைக்காக ஆண்ட பாட்டி. 1689 முதல் 1704 வரை. அவர் பெயர் எழுதிய பேருந்துகள் இந்த ஊர் வழியாகப் புழுதி கிளப்பி ஓடின.

1985 செப்டம்பர் 15-இல் மதுரையிலிருந்து பிரிந்த மாவட்டத்துக்கும் தலைவர்களின் பெயர் இருந்தது. ஒரு நேரம் அண்ணா. ஒரு நேரம் காயிதே மில்லத்.

1997. தெற்கே ஒரு கழகத்துக்குப் பட்டியல் சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள் சிலர். கலவரம். உயிர்கள். கடைசியில் எல்லாக் கழகங்களின் பெயரும், எல்லா மாவட்டங்களின் பெயரும் ஒன்றாக உதிர்ந்தன.

சீட்டைக் கையில் வைத்திருக்கும் சிறுமி கேட்கிறாள்.

"பேரு புடிக்கலைன்னா ஏற மாட்டாங்களா?"

"ம்."

"பஸ்ஸு அதே ஊருக்குத்தான போகும்?"

*

அதே ஊருக்குத்தான்.

*

மதுரைச் சாலை. சன்னலோர இருக்கை. வேகத்தடையில் வண்டி மெதுவாகிறது. கம்பிக் கூண்டுக்குள் ஒரு சிலை. காய்ந்த மாலை. கூண்டின் நிழல் முகத்தின் மேல் கட்டம் கட்டமாக விழுகிறது.

"அந்தத் தாத்தா என்ன தப்பு செஞ்சாரு?"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.

"தப்பு செய்யல பாப்பா. பாதுகாப்பு."

"யார்கிட்டருந்து?"

அவர் முன்னால் திரும்பிக்கொள்கிறார்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தவறான சாவி போட்டால் திறக்காத பூட்டு, போட்ட சாவியை விடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு. இந்த ஊர்ப் பிள்ளை சாவியைத்தான் கேட்கும்.

*

யார் சிலை என்று நான் எழுதவில்லை. எந்தச் சிலைக்கும் பொருந்தும் என்பது கொஞ்ச நேரம் நெஞ்சில் நிற்கிறது.

*

வண்ணப் பென்சில் பெட்டி. பன்னிரண்டு நிறம். ஒருவன் தன்னையே வரைகிறான். தலை, சட்டை, இரண்டு கால், ஒரு நாய்.

"ஸ்கின் கலர் குடுடி."

அவள் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு பென்சிலை நீட்டுகிறாள். அவன் அதைத் தன் முழங்கையோடு வைத்துப் பார்க்கிறான்.

"இது யாரோட ஸ்கின்னு?"

எல்லாக் கைகளும் நடுவே வருகின்றன. ஒன்றின் பக்கத்தில் ஒன்று. புளியங்கொட்டை நிறம், பனங்கருப்பட்டி நிறம், வெந்த கடலை நிறம். பென்சில் யார் பக்கத்திலும் ஒட்டவில்லை.

கடைசியில் காவியையும் கறுப்பையும் சேர்த்து அழுத்துகிறான். தாள் கொஞ்சம் கிழிகிறது.

நாய்க்கு ஸ்கின் கலர்.

*

சின்னாளப்பட்டி தாண்டி, சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம். வேம்புகள். நிழல் கெட்டியாக இருக்கிறது.

1947 அக்டோபரில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய இடம். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் மதுரைக்குப் போகும் வழியில் காந்தியின் ரயில் அம்பாத்துரையில் நின்றது. சுற்று வட்டாரமே தண்டவாளத்தோரம் திரண்டது.

ஐந்தாம் வகுப்புச் சிறுவன் இரண்டு பாடங்களைச் சேர்த்துவைத்துப் பார்க்கிறான்.

"அங்க ரயில்லருந்து தள்ளி விட்டாங்க. இங்க அவருக்காக ரயிலையே நிப்பாட்டுனாங்களா?"

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க், 1893. அம்பாத்துரை, 1946. நடுவே ஐம்பத்து மூன்று ஆண்டுகள். அவனுக்கு அது ஒரே ரயில்.

*

வத்தலகுண்டு. 1884-இல் சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். 1908-இல் சிறை. வெளியே வரும்போது உடம்பில் தொழுநோய். ரயிலில் ஏறக் கூடாது என்று தடை. ஊர் ஊராக நடந்தார். கட்டை வண்டியில் போனார். நடந்து நடந்து பேசினார்.

"தலைவரத் தள்ளி விடுறது எப்பவும் ரயில்லயா?"

சிரிக்கலாமா என்று தெரியவில்லை. கேட்டது சிரிப்பதற்கில்லை.

*

பகல் பன்னிரண்டு. எதுவும் அசையவில்லை. காகம்கூட வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது.

நினைப்பு ஒன்று வருகிறது. பெயர் வைப்பதற்குள் போய்விடுகிறது.

*

ஒரு புகைப்படம். கோட்டும் டையும் போட்டவர், மெல்லிய மீசை. பக்கத்தில் மனைவி.

1959 பிப்ரவரி. மார்ட்டின் லூதர் கிங் காந்திகிராமம் வந்தார். கொரெட்டாவும் உடன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் நியூயார்க்கில் அவர் நெஞ்சில் கத்தி இறங்கியிருந்தது. வயது முப்பது.

படத்தைச் சுற்றித் தலைகள்.

"இவரு நம்ம ஊருதான?"

"இல்ல. அமெரிக்கா."

"பொய்."

"நெசம்."

"எங்க சின்ன மாமா மாதிரியே இருக்காரு."

அந்த நாட்டில் அவரைப் பார்த்ததும் முதலில் கண்ணில் படும் நிறம் இந்தத் திண்ணையில் யார் கண்ணிலும் படவில்லை. அவர்களுக்கு வியப்பு கோட்டு. இந்த வெயிலில்.

*

பேருந்துக் கதையைச் சொல்கிறேன். மாண்ட்கமரி. 1955 டிசம்பர். வெள்ளைக்காரர் உட்கார எழுந்து இடம் கொடு என்றார்கள். ரோசா பார்க்ஸ் எழவில்லை. பிறகு ஊரிலுள்ள கறுப்பு மக்கள் பேருந்தில் ஏறவில்லை. 381 நாள். நடந்தார்கள்.

"கறுப்பா இருந்தா பின்னாடிதான் உக்காரணுமா?"

"ஆமா."

"பின்னாடிதான நல்லாத் தூக்கித் தூக்கிப் போடும்?"

கடைசி வரிசையின் குதிப்பு. அதற்காக ஓடிப்போய் இடம் பிடிக்கிற பிள்ளைகள்.

விளக்க வாய் திறக்கிறேன். மூடிக்கொள்கிறேன். கடைசி வரிசை கேவலம் என்று இந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லித்தந்தபின்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

அன்றைக்குச் சொல்லவில்லை.

*

அவளே மறுநாள் கேட்கிறாள். தனியாக. சுவரைச் சுரண்டிக்கொண்டு.

"எங்க தாத்தா டீக்கடைல வெளிய நின்னுதான் குடிச்சாராம். அப்பத்தா சொன்னுச்சு. தனி கிளாஸாம்."

"ம்."

"அந்தக் கிளாஸ யாரு கழுவுனது?"

அவரேதான்.

இதை நான் சொல்லவில்லை. சுண்ணாம்பு உதிர்கிறது. அவள் நகத்தில் வெள்ளை.

*

மாண்ட்கமரியில் அந்த அம்மாள் எழாமல் இருந்த அதே 1955-இல்தான் இங்கே தீண்டாமைக் குற்றச் சட்டம். அதற்கு ஐந்தாண்டு முன்பே அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். இரண்டுக்கும் நடுவே கடல்.

திண்ணையில் யாரோ: "சட்டம் வந்த அன்னிக்கே எல்லாரும் தொட்டுக்கிட்டாங்களா?"

*

பழனி. மலையடிவாரத்தில் பஞ்சாமிர்த வாசனை, எரியும் சூடம், வியர்வை.

எல்லோரையும் உள்ளே விடாத கோயிலுக்குள் காந்தி நுழைவதில்லை. 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் முன்னின்று மதுரை மீனாட்சி கோயிலின் வாசல் திறந்தது. 1946-இல் அங்கேயும் போனார், பழனியிலும் ஏறினார்.

வரிசையில் நகரும்போது தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, அப்பாவின் தலையைப் பிடித்தபடி:

"முன்னாடி வெளிய நின்னவங்கள சாமிக்குத் தெரியுமா?"

வரிசை நகர்கிறது.

*

மூடிய கண்ணுக்குள் சிவப்பு. வெயில் இமைக்கு வெளியே நிற்கிறது.

மூச்சு வருகிறது. எங்கிருந்தோ தறியின் சத்தம், அதுவும் மூச்சின் அளவில்.

*

செய்தித்தாள் பொட்டலம். உள்ளே வேர்க்கடலை. தாளில் ஒரு படம். பழைய தேதி, 2020. கடலூர்ப் பக்கம் தெற்குத்திட்டை. கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில். ஊராட்சி மன்றத் தலைவர் தரையில்.

எண்ணெய் பட்ட இடத்தில் படம் ஊடுருவித் தெரிகிறது.

"இவங்கதான் தலைவரா?"

"ஆமா."

"நாற்காலி பத்தலையா?"

கடலை தீர்கிறது.

"எங்க வீட்ல ரெண்டு இருக்கு."

*

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். தலித்துக்கு ஒதுக்கிய தலைவர் பதவி. 1996 முதல் பத்தாண்டு. யாரும் மனுப் போடவில்லை, போட்டு வென்றவர் உடனே விலகினார், மறுபடி தேர்தல், மறுபடி காலி. 2006-இல்தான் நிலைத்தது.

இதைக் கேட்டவன் தினமும் குடத்தோடு தெருக்குழாயில் நிற்பவன்.

"அப்ப தண்ணிய யாரு தெறந்து விட்டா?"

*

காலை உணவு. பள்ளியிலிருந்து தாளித்த வாசனை. தட்டுகளின் சத்தம், பிறகு சத்தம் குறைந்து சாப்பிடுகிற அமைதி.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம். மறு ஆண்டு பக்கத்துக் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி. சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண். பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர். மாவட்ட ஆட்சியர் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நல்லதுதான் செய்தார்.

"கலெக்டர் சாப்பிட்டாத்தான் அது நல்ல சோறா?"

*

மணிக்கட்டில் கயிறு. சிவப்பு, மஞ்சள், பச்சை. கோயிலில் கட்டியது சில. வேறு எதற்கோ கட்டியது சில.

2024 ஜூனில் நீதிபதி சந்துரு தந்த அறிக்கை, பள்ளியில் வண்ணக் கயிறு வேண்டாம் என்கிறது. மோதிரம் வேண்டாம், நெற்றிக் குறி வேண்டாம்.

எட்டு வயது.

"கயிறு இல்லாட்டி எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"என்னத்த?"

யோசிக்கிறான். புருவம் நெரிகிறது.

"தெரியல. ஆனா கண்டுபிடிக்கணும்ல?"

*

எல்லாக் கேள்வியும் வெளுத்த துணி இல்லை. சிலவற்றில் வீட்டின் கறை இருக்கிறது. குழந்தை அதையும் அப்படியே கொண்டுவந்து திண்ணையில் வைக்கிறது.

*

பத்து ரூபாய் நோட்டு. கசங்கியது. விரலால் நீவி நீவி நேராக்குகிறாள்.

"எல்லா நோட்டுலயும் சிரிக்கிறாரு."

"ம்."

"சட்டையே போட மாட்டாரே. காசு எங்க வைப்பாரு?"

அவர் சட்டையை விட்டது மதுரையில். 1921 செப்டம்பர். இந்த ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்து.

காசை எங்கே வைத்தார் என்பதைப் பற்றி நான் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன். நன்றாக இருக்கிறது, இப்படி ஒன்றை யோசிப்பது.

*

"காந்தியச் சுட்டாங்க. அந்த மாமாவயும் சுட்டாங்களா?"

படத்தில் கண்ட நாள் முதல் கிங் அவர்களுக்கு மாமா.

"ஆமா. 1968-ல."

"சுட்டவங்கள யாராச்சும் கூப்பிட்டு ஏன்னு கேட்டாங்களா?"

நீதிமன்றம் கேட்டது என்று சொல்கிறேன். அவள் கேட்டது அதுவல்ல என்று சொல்லும்போதே தெரிகிறது.

*

ஆடிக் காற்று. செம்மண் எழுந்து தெருவைக் கடக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறோம், எல்லோரும் ஒரே சமயம். பல்லில் மண்.

காற்று போனபின் நோட்டுப் புத்தகங்களைத் தட்டுகிறார்கள்.

எழுதியது அப்படியே இருக்கிறது. மேலே ஒரு படலம்.

*

"தலைவருங்க எல்லாம் ஏன் தாத்தாவா இருக்காங்க?"

"சின்ன வயசுலயும் இருந்தாங்க."

"அப்ப தலைவரா இருந்தாங்களா?"

"இல்ல."

"எப்ப ஆனாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

*

தலைவர்களில் பாட்டிகள் குறைவு என்பதை இன்னும் யாரும் கேட்கவில்லை. மங்கம்மாள் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவள் ஒருத்தி உண்டு. அவள் ஒரு நாள் கேட்கலாம்.

*

கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். தேதி போடுவதில்லை. யார் கேட்டது என்றும் இல்லை. வலப்பக்கம் எழுத்து. இடப்பக்கம் காலி.

காலிப் பக்கத்தை நிரப்பக் கை போகிற நாள்கள் உண்டு. பேனாவின் நிழல் தாளில் விழுகிறது. மை இறங்குவதில்லை.

பாடநூலில் கேள்விக்கு அடியில் மூன்று கோடுகள் போட்டிருக்கிறார்கள், விடை எழுத. மூன்று கோட்டில் அடங்கும் கேள்வியைத்தான் புத்தகம் கேட்கிறது. அது புத்தகத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். அச்சகத்துக்கு அளவு வேண்டும்.

*

கிங் இங்கிருந்து மதுரை போய், மேலும் தெற்கே திருவனந்தபுரம் போனார். ஒரு பள்ளிக்கூடம். பெரும்பாலும் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள். தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்துகிறார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று.

கிங்குக்கு ஒரு கணம் திடுக்கென்கிறது. கொஞ்சம் கோபமும். பிறகு தன் நாட்டில் இருக்கும் இரண்டு கோடிப் பேரை நினைக்கிறார். பூட்டிய வாசல்களை நினைக்கிறார். ஆமாம் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். 1965 ஜூலை 4, அட்லாண்டா, தன் தேவாலயத்தில் பிரசங்கம் செய்யும்போது இதைச் சொன்னார்.

திண்ணையில் சொல்லி முடிக்கிறேன். யாரும் பேசவில்லை. ஒருவன் செருப்பின் வாரைச் செருகுகிறான், கழற்றுகிறான், செருகுகிறான்.

"ஹெச்செம் பேசுனாரு."

"ம்."

"மாமா பேசுனாரு. மனசுக்குள்ள."

"ம்."

"அந்த ஸ்கூல் பிள்ளைக ஒண்ணுமே கேக்கலையா?"